மேல் இடது மூலை

ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை இழுத்து மூடியபோது
மூவாயிரத்துக்கு வாங்கிய கம்ப்யூட்டர்.
கனிச்செல்வி படிப்புக்காக வந்தது.
அவள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபின்
துணி போர்த்திக்கொண்டு கிடந்தது.
யாரோ ஏற்றிவைத்துவிட்டுப் போன விளையாட்டு ஒன்று
அதற்குள் மிச்சமிருந்தது.

சீமையில் ஒரு மாளிகை. சீமாட்டியைக் காணோம்.
அறைக்கு அறை கொட்டிக் கவிழ்த்த சாமான்கள்.
கீழே பட்டியல்:
ஆந்தை, லாடம், மணற்கடிகாரம், பிடில், மூன்று சாவி.
கண்டுபிடித்துத் தட்டினால் க்ளிங்.
சும்மா தட்டிக்கொண்டே இருந்தால்
அம்புக்குறிக்குத் தலை சுற்றும்.

பகலில் ரவிக்கை, ராத்திரியில் மாளிகை.
வெட்டுத்துணிக் குவியலில்
ஒற்றைக் கொக்கியைத் தேடி எடுக்கிறவளுக்கு
இதெல்லாம் ஒரு வேலையா?
ஒருநாள் 'திம்பிள்' கேட்டது.
அரைமணி நேரம் தேடி, தோற்று, துப்பு வாங்கிப் பார்த்தால்
அங்குஸ்தான்!
இருபது வருசமாய் என் விரலில் உட்கார்ந்திருப்பதற்கு
இப்படியும் ஒரு பேர்.

மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டில்
முத்திருளாண்டி வண்டி என்றால் எல்லாருக்கும் தெரியும்.
மூன்று மணிக்கு எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டே
என் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்வார்:
"அந்தா இருக்கே ஆந்தை."
எங்கே?
"மேல, இடது கைப்பக்கம். கண்ணு முன்னால."
மறுநாள் விசிறி. அதே மூலை.
அப்புறம் ஒரு புகைக்குழாய், ஒரு பட்டாம்பூச்சி.
துப்புப் பொத்தானை அமுக்கும்போதெல்லாம்
பொன்தூள் பறந்துபோய் அங்கேதான் சுற்றியது.
கம்பெனிக்காரன் எனக்கென்றே அங்கே ஒளிக்கிறான் என்றேன்.
ஊசியில் ஒரே குத்தில் நூல் கோக்கிறவள்
கண்ணையா சந்தேகப்படுவாள்?

அவர்தான் ஒரு நாள்
மானிட்டரைத் தூக்கித் தலைகீழாய்ச் சுவரில் சாய்த்தார்.
ஆந்தை இப்போது கீழே, வலப்பக்கம்,
வௌவால் மாதிரி தொங்கியது. உடனே தெரிந்தது.
முதலிலேயே பார்த்துவைத்த சாவியைத்தான் காணோம்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அன்றைக்கு வண்டி லேட்டாகப் போனது.

அண்ணா நகர்க் கண் ஆஸ்பத்திரி.
இருட்டறையில் ஒரு கண்ணை மூடி
வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்க்கச் சொன்னார்கள்.
புள்ளி மினுங்கினால் பொத்தானை அமுக்கணும்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தெரிந்த ஆட்டம்தான்.
பட்டியல் இல்லை, துப்பு இல்லை, க்ளிங் இல்லை, அவ்வளவுதான்.
"சும்மா சும்மா அமுக்காதீங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.
எனக்குத் தலை சுற்றியது.

என் பார்வையைக் காகிதத்தில் அச்சடித்துத் தந்தார்கள்.
மூலையில் கறுப்பு,
பெட்டி சூட்டில் தீய்ந்த துணி மாதிரி.
"அந்த இடம் இருட்டாத் தெரியுதா?" என்றார் டாக்டர்.
இல்லையே.
இருட்டென்றால் என்றைக்கோ வந்திருப்பேனே.
அங்கே சுவர் இருக்கிறது, சுவரில் பூ இருக்கிறது.
ஆந்தை மட்டும்தான் இல்லை.
பக்கத்துத் துணியிலிருந்தே வெட்டி
பூவுக்குப் பூ சேர்த்து
உள்ளுக்குள் எவளோ ஒட்டுப் போட்டிருக்கிறாள்.
நானே இவ்வளவு சுத்தமாய்த் தைத்ததில்லை.

போனது வராதாம். இருப்பது போகாமலிருக்க
ராத்திரிக்கு ஒரு சொட்டு.
விட்டபின் ஐந்து நிமிசம் கண்ணை மூடியிருக்கணும்.
மூடிக்கொண்டு, அறை அறையாய்
மாளிகைக்குள் நடந்துவிட்டு வருகிறேன்.

இப்போதெல்லாம் கழுத்தை வெட்டி வெட்டி ஆடுகிறேன்,
தானியம் பார்த்த கோழி மாதிரி.
மூலையைத்தான் முதலில் துழாவுகிறேன்.
ஏழாம் அறை முடிந்துவிட்டது,
சீமாட்டி இன்னும் கிடைக்கவில்லை.

நேற்று விடிகாலை, மணற்கடிகாரத்துக்காக
தலையைத் திருப்பினேன்.
இடப்பக்கம், டம்ளரும் கையுமாய் அவர்.
"எப்ப வந்தீங்க?"
"இப்பத்தான்."
டீயில் ஆடை படிந்திருந்தது.